லட்சம் கோடி என்றால் எவ்வளவு?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் சின்னதுதான், அதில் இருக்கிற கேள்வி சின்னதல்ல.

“பட்ஜெட் தினத்தன்று டெலிவிஷனில் ஐம்பது லட்சம் கோடி என்றார்கள். மறுநாள் பத்திரிகையில் ஏதோ ஒரு செலவுக்கு ஐந்நூறு கோடி என்று போட்டிருந்தார்கள். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால், ‘அதெல்லாம் உனக்கு எதற்கு?’ என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள், லட்சம் கோடி என்றால் எவ்வளவு?”

அம்மணி, முதலில் ஒரு ரகசியம் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கும் அது தெரியாது! தெரிந்திருந்தால் இதற்குள் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பாரே? “உனக்கு எதற்கு?” என்று ஒருவர் கேட்டால், பத்துக்கு ஒன்பது தடவை, “என்னைக் கேட்காதே” என்றுதான் அர்த்தம்.

இதில் அவருக்கும் வெட்கம் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். பத்துக் கத்திரிக்காயை நம்மால் மனத்திலே பார்க்க முடியும். கல்யாணப் பந்தியிலே நூறு இலை போட்டால் அதையும் பார்க்க முடியும். ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தைக்கூட ஒரு மாதிரி கற்பனை செய்துகொள்ளலாம். அதற்கு மேலே போனால் எல்லாம் ஒரே மூட்டம். லட்சம், கோடி, லட்சம் கோடி எல்லாம் “அடேயப்பா!” என்கிற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

மளிகைக் கடைப் பில்லில் அரைக் கிலோ துவரம் பருப்புக்குப் பதிலாக முக்கால் கிலோ என்று விழுந்திருக்கட்டும். வாசற்படி தாண்டுவதற்குள் கண்டுபிடித்து, கடைக்காரரைத் திரும்பவும் மூக்குக் கண்ணாடி போட வைத்துவிடுவீர்கள். அவ்வளவு கூர்மையான கணக்குப் புத்தி உள்ள நீங்கள், நாட்டுக் கணக்கு வந்ததும், “நமக்கு எங்கே புரியப் போகிறது?” என்று அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பணத்திலே உங்கள் பணமும் இருக்கிறதே! அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் இந்தக் கடிதத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஔவைப் பாட்டி செய்த யுக்தி

கோடி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நாலு கோடிப் பாட்டுக் கதையைப் பாட்டிமார் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். பொழுது விடிவதற்குள் நாலு கோடிப் பாட்டுப் பாடவேண்டும் என்று அரசன் புலவர்களுக்கு உத்தரவு போட்டான். புலவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் பட்ட திகைப்பு நியாயமானதுதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இரவு பன்னிரண்டு மணி நேரம். அதாவது 43,200 விநாடி. நாலு கோடியை அதனால் வகுத்தால் விநாடிக்குத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு! பாவம், புலவர்கள் வாய் திறப்பதற்குள் விநாடி போய்விடும்.

ஔவையார் என்ன செய்தார்? ஒவ்வொன்றும் ஒரு கோடி பெறும் என்று நாலே நாலு விஷயங்களை எடுத்து ஒரே பாட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். நாலு கோடி நாலாகச் சுருங்கிவிட்டது. அரசனுக்கும் திருப்தி, புலவர்களுக்கும் தலை தப்பியது.

பெரிய தொகையைக் கண்டால் நாமும் அந்தப் பாட்டி செய்த வேலையைத்தான் செய்யவேண்டும். நம் கைக்கு அடங்குகிற அளவுக்கு அதைச் சுருக்கிவிட வேண்டும்.

முதலில் எண்ணிப் பார்ப்போமா?

சுருக்குவதற்கு முன்னால், சுருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம்.

ஒரு கோடி ரூபாயை ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (கொட்டட்டும், நமக்கென்ன!) மொத்தம் 20,000 நோட்டு. விநாடிக்கு ஒரு நோட்டு வீதம் எண்ணினால் ஐந்தரை மணி நேரம் ஆகும. காலையில் காபி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், நடுவிலே சாப்பாட்டுக்கு எழுந்திருந்தாலும் சாயங்கால டிபனுக்குள் முடித்துவிடலாம்.

அடுத்தபடி ஆயிரம் கோடி. தினம் எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்று எந்த லீவும் இல்லாமல் எண்ணுகிறீர்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும்.

இனி லட்சம் கோடி. அதே எட்டு மணி நேரம், அதே வேகம். 190 வருஷம்! 2025-ல் எண்ணி முடிக்கவேண்டுமானால் 1835-ல் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856-ல். அந்த ரயிலின் ஊதல் சத்தம் கேட்கிறபோது, எண்ணுகிறவருக்கு இருபது வருஷ சர்வீஸ் ஆகியிருக்கும்.

டிபன் வேளைக்குள் முடிகிற காரியம் ஒன்று. இரண்டு வருஷம் பிடிக்கிற காரியம் ஒன்று. ஆறேழு தலைமுறை பிடிக்கிற காரியம் ஒன்று. இந்த மூன்றையும் நாம் கோடி, ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று உடன்பிறந்த சகோதரிகளைப் போலச் சேர்த்து உச்சரித்துவிடுகிறோம். காது ஏமாந்து போகாமல் என்ன செய்யும்?

2025-26ஆம் வருஷத்துக்காக மத்திய சர்க்காரின் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1-ந் தேதி பார்லிமென்டில் வைத்த பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50,65,345 கோடி ரூபாய் என்று இருந்தது. அதை முழுசாக எழுதினால் பதினான்கு இலக்கம். எண்ணத் தொடங்கினால் ஒன்பதாயிரத்து அறுநூறு வருஷம். ஆகவே, எண்ணுகிற வேலையை விட்டுவிடுவோம். அரிசி மூட்டையை யாராவது அரிசி அரிசியாக எண்ணுகிறார்களா? படியால் அளக்கிறோம். நமக்கும் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி: தலைக்கு எவ்வளவு?

பந்திக்கு நூறு பேர் என்றால் எத்தனை படி அரிசி என்று உங்களுக்குத் தெரியும். அதே கணக்குதான் இது. 2025-ல் இந்தியாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 146 கோடி என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பு. கைக்குழந்தை முதல் கொள்ளுப்பாட்டி வரை எல்லோரும் இதில் அடக்கம்.

ஆயிரம் கோடி ரூபாயை இத்தனை பேருக்கும் பங்கு போட்டால் தலைக்கு ஏழு ரூபாய்கூட வராது. லட்சம் கோடியைப் பங்கு போட்டால் தலைக்கு 685 ரூபாய். இந்த இரண்டையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் கோடிக்கு ஏழு ரூபாய், லட்சம் கோடிக்கு எழுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பாதிக் கணக்கு தீர்ந்தது.

இந்தப் படியால் அளந்தால், அந்த ஐம்பது லட்சத்துச் சொச்சம் கோடி என்பது தலைக்கு வருஷத்துக்கு 34,700 ரூபாய் ஆகிறது. நாலு பேர் உள்ள குடும்பத்தின் பங்கு மாதத்துக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேலே. இப்போது அது வானத்திலே மிதக்கிற எண் அல்ல. உங்கள் வீட்டுச் செலவு நோட்டுப் புத்தகத்தில் எழுதக்கூடிய எண்.

சந்திரயான்-3 ஞாபகம் இருக்கிறதல்லவா? 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி சாயங்காலம் சந்திரனின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் அது இறங்கியதை வீடு வீடாக டெலிவிஷன் முன் உட்கார்ந்து பார்த்தோம். அதற்கு ஆன செலவு சுமார் 615 கோடி. “இத்தனை கோடியைக் கொண்டுபோய் ஆகாயத்தில் விடுவானேன்?” என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டியதுதான். ஆனால், தலைக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கேட்கலாம். நாலேகால் ரூபாய்! டீக்கடையில் ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது.

ஆனால், ஒரு எச்சரிக்கை. பந்தியில் எத்தனை பேர் என்று கேட்காமல் இந்தப் படியை எடுக்கக்கூடாது. எல்லாப் பணமும் எல்லோருக்கும் போவதில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ந் தேதி ஆரம்பமான மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-26ஆம் வருஷத்து ராஜ்ய பட்ஜெட்டில் அதற்கு 13,807 கோடி ஒதுக்கியிருந்தார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கிறது. பெற்றுவந்த பெண்கள் சுமார் ஒரு கோடியே பதினைந்து லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். பத்திரிகையில் மலையாகத் தெரிந்தது, ஒரு பெண்ணின் கையில் கியாஸ் சிலிண்டருக்கும் பால் கணக்குக்குமாகக் கரைகிற தொகையாக நிற்கிறது.

கணக்கு சரியாக வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? இந்த வகுத்தல் கணக்குக்கு அதுவும் ஒரு பிரயோஜனம். தலைக்கு இவ்வளவு என்கிறார்கள். இத்தனை பேர் என்கிறார்கள். மொத்தம் இவ்வளவு என்கிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், யாரோ எங்கேயோ பில்லில் அரைக் கிலோவை முக்கால் கிலோ ஆக்கியிருக்கிறார்கள்!

இரண்டாவது படி: நாளுக்கு எவ்வளவு?

பால்காரருக்கு மாதக் கடைசியில் கொடுக்கிற தொகையைப் பார்த்தால் திக்கென்கிறது. தினம் ஒரு லிட்டர் என்று வகுத்துப் பார்த்தால் சமாதானமாகிறது. சர்க்கார் செலவையும் இப்படி வகுக்கலாம்.

50,65,345 கோடியை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 13,900 கோடி. மணிக்கு 578 கோடி. நிமிஷத்துக்கு ஒன்பதரைக் கோடிக்கு மேலே. விநாடிக்குப் பதினாறு லட்சம் ரூபாய். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் திரும்புவதற்குள், புது தில்லியில் ஒரு கோடி செலவாகியிருக்கும்.

இந்தப் படியால் சந்திரயானை அளந்து பார்த்தால், அது மத்திய சர்க்காரின் ஒரு மணி நேரத்துச் செலவு. ஐந்து நிமிஷம் கூடக்குறைய இருக்கலாம். ஒரு கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வருஷம் முழுவதும் கொடுக்க ஒதுக்கிய உரிமைத் தொகை, மத்திய சர்க்காரின் ஒரே ஒரு நாள் செலவுக்குச் சமம். இந்த ஒப்பீடு ஒன்றைச் சரியென்றும் மற்றதைத் தப்பென்றும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்க உதவுகிறது, அவ்வளவுதான்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. “பத்தாயிரம் கோடியில் புதிய திட்டம்” என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். எத்தனை வருஷத்துக்கு என்பது கீழே எறும்பு எழுத்தில் இருக்கும். ஐந்து வருஷத்துக்கு என்றால் வருஷத்துக்கு இரண்டாயிரம் கோடி. தலைக்கு வருஷத்துக்குப் பதினாலு ரூபாய். புடவைக் கடையில் “மாதத் தவணை வெறும் ஐந்நூறு” என்று பலகை வைத்திருந்தால், “எத்தனை மாதம்?” என்று உடனே கேட்கிறீர்கள் அல்லவா? அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

மூன்றாவது படி: ஒரு வீடாக்கிப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவது படிதான். நூறு கோடி ரூபாயை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அந்த 50,65,345 கோடி, 50,653 ரூபாயாகிவிடும். நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மாதச் செலவைப் போல இல்லையா? அப்படியே ஒரு குடும்பமாகக் கற்பனை செய்துகொண்டு அந்த வருஷத்துப் பட்ஜெட்டைப் படிப்போம்.

இந்தக் குடும்பத்தின் சொந்த வருமானம் 34,964 ரூபாய். மீதி 15,689 ரூபாயைக் கடன் வாங்கித்தான் சமாளிக்கிறது. (வசூலாகிற வரியில் ராஜ்யங்களுக்குச் சேரவேண்டிய பங்கை முன்னாலேயே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது இந்தக் கணக்கில் வராது.)

இனிச் செலவு. பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12,763 ரூபாய். அசல் அல்ல, அம்மணி, வட்டி! சொந்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போகிறது. ராணுவ இலாகாவுக்கு, அதன் பென்ஷன் உள்பட, 6,812 ரூபாய். ரேஷன் அரிசி, கோதுமை வகையில் உணவு மானியம் 2,034 ரூபாய். விவசாயிகளுக்கு உர மானியம் 1,679 ரூபாய். கல்வி இலாகாவுக்கு 1,286 ரூபாய். சுகாதார இலாகாவுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய். பெண்கள், குழந்தைகள் நல இலாகாவுக்கு 269 ரூபாய்.

பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ராஜ்ய சர்க்கார்களும் தனியே செலவு செய்கின்றன, அதையும் மறக்கக்கூடாது. ஆனாலும், வட்டிக்குப் பன்னிரண்டாயிரத்து எழுநூறு, குழந்தைகள் கணக்கில் 269 என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கிறபோது, ஒரு தாயாரின் மனத்தில் சில கேள்விகள் எழத்தான் செய்யும். எழட்டும். அந்தக் கேள்விகளுக்காகத்தானே இவ்வளவு கணக்கும்!

அது சரி, சந்திரயான் இந்த வீட்டில் எவ்வளவு? ஆறு ரூபாய் பதினைந்து பைசா. ஐம்பதாயிரம் ரூபாய் குடும்பத்தில், குழந்தை கேட்டதென்று ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்த மாதிரி.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாடு என்பது அப்படியே ஒரு வீடு அல்ல. வீட்டுக்காரருக்கு ரிடையர் ஆகிற வயது உண்டு, சர்க்காருக்கு இல்லை. வீட்டுக் கடனை யாரோ கொடுக்கிறார்கள். சர்க்கார் கடனில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே பாங்குகளிலும் இன்ஷூரன்ஸிலும் பிராவிடண்ட் பண்டிலும் நாம் போட்டுவைத்த பணத்திலிருந்து வருகிறது. அந்த வட்டியில் ஒரு பங்கு சுற்றிக்கொண்டு நம்மிடமே வந்து சேருகிறது. மேலும் கடன் வாங்கிச் சாப்பிடுவது வேறு. கடன் வாங்கி மாடி கட்டுவது வேறு. இந்தக் கணக்கிலேயே ரஸ்தா, ரயில்வே முதலிய நிரந்தரமான காரியங்களுக்கென்று 11,210 ரூபாய் இருந்தது. ஆகையால் “கடன்” என்ற சொல்லைக் கேட்டதுமே மாரில் அடித்துக்கொள்ள வேண்டாம். எதற்காக வாங்கினார்கள், வட்டி எவ்வளவு என்று விசாரித்தால் போதும். நல்ல குடும்பத் தலைவி அதைத்தானே செய்வாள்?

சைக்கிள் ஷெட்டும் காபிச் செலவும்

“இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?” என்று யாராவது கேட்கலாம். அவர்களுக்குப் பார்க்கின்சன் துரையைத்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டும்.

நார்த்கோட் பார்க்கின்சன் ஒரு பிரிட்டிஷ் சரித்திராசிரியர். சிங்கப்பூரில் பேராசிரியராக இருந்தவர். 1957-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கமிட்டிக் கூட்டத்தைக் கற்பனை செய்து வேடிக்கையாக எழுதியிருக்கிறார். முதல் விஷயம், ஒரு கோடி பவுன் செலவில் அணு உலை. யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் இஷ்டமில்லை. இரண்டரை நிமிஷத்தில் ‘பாஸ்’ ஆகிவிடுகிறது! இரண்டாவது விஷயம், குமாஸ்தாக்களின் சைக்கிள்களை வைக்க 350 பவுனில் ஒரு ஷெட். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கூரைக்குத் தகரம் போடலாமா, வேறு ஏதாவது போடலாமா என்று முக்கால் மணி நேரம் வாக்குவாதம். மூன்றாவது, கமிட்டிக் கூட்டங்களில் கொடுக்கிற காபிக்கு வருஷத்துக்கு 21 பவுன். ஒன்றேகால் மணி நேரம் பேசியும் முடியவில்லை!

நாம் திண்ணையில் செய்வதும் இதுதானே? ஒரு மந்திரியின் காருக்கு ஆன செலவு, ஒரு விழாவுக்குப் போட்ட பந்தல் செலவு என்றால் ஊரே பேசுகிறது. காரணம், கார் தெரியும், பந்தல் தெரியும். வட்டிக்கு 12,76,338 கோடி என்றால் எல்லோரும் மௌனம். தெரியாத எண்ணைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

பந்தலில் நடக்கிற திருட்டைக் கேட்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருட்டு ஒரு ரூபாயானாலும் திருட்டுதான். ஆனால், கொத்தமல்லிக் கட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு, நகைக் கடையில் செய்கூலி எவ்வளவு என்று கேட்காமல் வருகிறவளை நாம் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டோமே! கோபத்தையும் ஒரு அளவோடு பங்கு போட்டுக் கொள்ளவேண்டும்.

படியிலும் மோசம் உண்டு

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் படிகளிலேயே செய்யக்கூடிய மோசத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயமானவனாக மாட்டேன்.

ஒரு செலவைப் பெரிதாகக் காட்டவேண்டுமானால் மொத்தமாகச் சொல்வார்கள்: “ஆயிரம் கோடி!” சிறிதாகக் காட்டவேண்டுமானால் தலைக்கு வகுத்துச் சொல்வார்கள்: “வெறும் ஏழு ரூபாய்தானே?” இரண்டும் உண்மைதான். ஆனால், ஏழு ரூபாய் என்றதும் போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடாது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஒரு கோடி என்று வைத்துக்கொண்டால், அந்த ஏழு ரூபாய்களெல்லாம் சேர்ந்து ஆயிரம் பள்ளிக்கூடங்கள்! ஆகவே, ஒருவர் மொத்தமாகச் சொன்னால் நீங்கள் தலைக்கு வகுங்கள். ஒருவர் தலைக்குச் சொன்னால் நீங்கள் மொத்தமாகப் பெருக்குங்கள். அவர் எதைச் சொல்லாமல் விட்டாரோ, விஷயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

இன்னொரு மோசம், அந்தக் காலத்து ரூபாயையும் இந்தக் காலத்து ரூபாயையும் ஒன்றாக வைத்துப் பேசுவது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ந் தேதி வைத்தவர் நம் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான அந்த பட்ஜெட்டில் மொத்தச் செலவே சுமார் 197 கோடிதான். அந்தச் செலவு, 2025-26 கணக்கில் இருபது நிமிஷச் செலவு! இதைக் கேட்டுவிட்டு, “அந்தக் காலத்தில் என்ன சிக்கனம்!” என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அந்தக் காலத்து ஒரு ரூபாய்க்கு எத்தனை படி அரிசி கிடைத்தது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். இரண்டு காலங்களை ஒப்பிட வேண்டுமானால், நாட்டின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் முறை. சம்பளம் உயர்ந்தபோது வாடகை எத்தனை பங்கு உயர்ந்தது என்று நாம் வீட்டில் பார்க்கவில்லையா? அதே மாதிரிதான்.

இனி உங்கள் பென்சில்

“நான் சம்பாதிக்கவில்லையே, சர்க்கார் கணக்கு எனக்கு எதற்கு?” என்று எந்தச் சகோதரியும் நினைக்க வேண்டாம். அதே 2025-26 பட்ஜெட்டில், சர்க்காருக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வருகிறது என்று பைசாக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். வருமான வரியிலிருந்து 22 பைசா. கம்பெனிகள் கட்டும் வரியிலிருந்து 17 பைசா. கடன் வகையில் 24 பைசா. சரக்கு, சேவை வரியிலிருந்து 18 பைசா. இந்தக் கடைசிப் பதினெட்டுப் பைசா எங்கிருந்து வருகிறது? நீங்கள் வாங்குகிற பற்பசையிலும், பிள்ளைக்கு வாங்குகிற செருப்பிலும், ஓட்டலில் சாப்பிட்ட தோசையிலும் இருந்துதான். சம்பளக் கவரைக் கண்ணால் பாராத பெண்ணும் தினம் தினம் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். பணம் கொடுக்கிறவளுக்குப் பில்லைப் படிக்கிற உரிமை உண்டு.

ஆகையால், திருச்சி சகோதரிக்கு நான் சொல்கிற பதில் இதுதான். அடுத்த தடவை டெலிவிஷனில் ஏதாவது ஒரு கோடிக் கணக்கு வந்தால் சானலை மாற்றாதீர்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளை எழுதுங்கள். எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு? நூறு கோடியை ஒரு ரூபாயாக்கினால் ஐம்பதாயிரத்தில் எவ்வளவு? மூன்று நிமிஷம் போதும். சாதம் வேகிற நேரம்கூட ஆகாது.

பிறகு உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “ஏன்னா, இந்த ஆயிரம் கோடி தலைக்கு ஏழு ரூபாய் ஆகிறதே, அது சரிதானா?” என்று சாவதானமாகக் கேளுங்கள். “உனக்கு எதற்கு?” என்று இந்தத் தடவை அவர் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு, அந்தத் தாளை இப்படிக் கொடு என்று கையை நீட்டுவார்.